மூன்று ரிங்கோடு நின்றது

"எடுத்துடாதீங்க!"

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்த அலறலில், என் கை ரிசீவருக்கு நாலு விரற்கடை முன்னால் அப்படியே நின்றது.

ட்ரிங்… ட்ரிங்… ட்ரிங்…

மூன்றாவது ரிங்கோடு டெலிபோன் வாயை மூடிக்கொண்டது.

"மூணுதானே அடிச்சுது? எண்ணுனீங்களா அண்ணே?" அதே பெண் குரல். இப்போது அலறல் இல்லை. மூச்சு வாங்கியது.

"மூணுதாங்க."

"உம்மா! மூணு ரிங்கு! அவங்கதான்!"

உள்ளே வளையல்கள் குலுங்கின. ஒரு பச்சைக் குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது. யாரோ அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சிரித்தார்கள்.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். கறுப்புத் திரையில் ஒரு கேள்வி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், அந்த ஹார்ட் டிஸ்கில் இருப்பதெல்லாம் போய்விடும்.

தட்டினேன்.

மணி 12:58.

இது நடந்தது. எனக்கு நடந்தது. யாரோ சொல்லி நான் கேட்டதில்லை. எந்தச் சாமியின் பெயரைச் சொன்னாலும் அதன் மேல் சத்தியம் செய்கிறேன். பேய் என்றால் நடுநிசி, சுடுகாடு, புளியமரம் என்று நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது பட்டப்பகல். வெள்ளிக்கிழமை. வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. தெருவில் ஆடு நனைந்துகொண்டிருந்தது.

2003 அக்டோபர். திருவாரூருக்குத் தெற்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் பெயர் இளஞ்செழியன். அப்போது தஞ்சாவூர் கீழவாசலில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். அப்பாவுக்கு வயல் இருந்தது. வாய்க்காலில்தான் தண்ணீர் இல்லை. அந்த வருடம் குறுவையே போடவில்லை. அதனால் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரோடு பஸ் ஏறுவேன். அன்று கூப்பிட்டவர் ஜாஃபர் சாதிக். அந்த ஊர்க் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். ஆனால் வேலை அவர் கடையில் இல்லை, வீட்டில்.

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஓர் ஆள் வெளிநாட்டில். வீட்டுக்கு வீடு டெலிபோன். ஆனால் அதில் பேசத்தான் யாரும் கிடையாது! எடுத்தால்தானே அங்கே காசு ஓடும்? ஒரு ரிங் விட்டு வைத்தால் 'நல்லாயிருக்கேன்'. இரண்டு விட்டால் 'பணம் அனுப்பியிருக்கேன்'. மூன்று என்றால் 'நெட்டுக்கு வா'. மூன்றைத் தாண்டி அடித்தால் மட்டும்தான் எடுக்கலாம். மூன்றைத் தாண்டினால் அது வேறு யாரோ. இல்லையென்றால் கெட்ட சேதி. நடக்கப் பழகும் பிள்ளைகூட மூன்று ரிங்குக்குள் ரிசீவரைத் தொடாது.

திரைக்குப் பின்னால் இருந்தது ஜாஃபரின் தங்கை ரிஃப்கா. ஒன்பது நாள் முன்னால் பிள்ளை பெற்றவள். தலைப் பிரசவம், பெண் குழந்தை. அவர்கள் வீட்டு வழக்கப்படி, பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் உள் அறையைவிட்டு வர மாட்டாள். அந்நிய ஆண் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கு வருவது என்ற பேச்சே இல்லை. அவள் முகத்தை நான் அன்றும் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

அவள் கணவர் சுஹைப். துபாய்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பிளம்பர். மனைவி நாற்பது நாள் வெளியே வர முடியாது, அண்ணன் கடைக்குப் போய் சாட் பண்ண முடியாது என்று முன்கூட்டியே யோசித்த மனிதர். கம்பெனி ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை, ஊருக்கு வந்தவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதைச் சரிசெய்து உள் அறையில் வைத்துவிட்டால், கட்டிலில் உட்கார்ந்தபடியே ரிஃப்கா நெட்டில் வரலாம்.

இதில் ஒரு சிக்கல். பத்து நாளாக சுஹைபிடமிருந்து ஒரு ரிங்கூட வரவில்லை. பாலைவனத்தில் ஏதோ புது சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் தெரியும். இங்கிருந்து கூப்பிட நம்பர் கிடையாது.

தனக்கு மகள் பிறந்திருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது.

மூன்று ரிங் கேட்டதும் அந்த வீடு ஏன் அப்படிக் குதித்தது என்று இப்போது புரிகிறதா?

காலை பத்து மணிக்கே பெட்டியைப் பிரித்துவிட்டேன். உள்ளே ஒரு கைப்பிடி பாலைவன மணல். ஆன் செய்தால் அரபியில் பாஸ்வேர்டு கேட்டது. அதை உடைப்பதைவிட மொத்தமாகத் துடைத்துவிட்டு லினக்ஸ் போடுவது சுலபம். என்னிடம் சிடி இருந்தது. தானாகவே எல்லாம் செய்துகொள்ளும் சிடி.

செய்யவில்லை. டிஸ்கைப் பிரிக்கும் இடம் வந்ததும் உறைந்துவிட்டது. மறுபடி போட்டேன். அதே இடம். மறுபடியும் அதே இடம்.

"சரி, கையாலேயே போட்டுடறேன்" என்றேன்.

"கையால போடறதுக்கு இது என்ன கோலமாய்யா?" என்றார் ஜாஃபர்.

பார்ட்டிஷன் என்பது பெரிய வித்தை இல்லை. ஒரு மா நிலத்தை வரப்பு போட்டுப் பிரிப்பது மாதிரி. பழைய வரப்பை வெட்டித் தள்ள வேண்டும். புது வரப்பு கட்ட வேண்டும். ஃபார்மட் என்பது அதற்கப்புறம் உழுது சமன் பண்ணுவது. பழைய பயிரின் வேர்கூட மிஞ்சாது. எல்லாவற்றையும் கறுப்புத் திரையில் நாமே ஒவ்வொரு கட்டளையாகத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஜாஃபர் தொப்பியை எடுத்தார்.

"வாத்தியாரே, ஜும்மாத் தொழுகைக்குப் போய்ட்டு வந்துடறேன். வர்றப்ப பிரியாணி. ரெண்டு முட்டை வைக்கச் சொல்றேன், அதுக்குள்ள முடிச்சிரு."

"ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு முட்டையா?"

"கொழுப்புதான்யா உனக்கு. ஃபோன் அடிச்சா மட்டும் தொட்டுடாத. எங்க உம்மா கையில அடி வாங்கியே செத்துருவே."

"நான் ஏண்டா அடிக்கப் போறேன்?" திரைக்குப் பின்னாலிருந்து அவர் அம்மா சைத்தூன் பீவி. "எடுத்தா அங்க மாப்பிள்ளைக்கு ஒரு வேளைச் சோத்துக் காசு போயிடும் தம்பி. அதுக்குத்தான் சொல்றது."

மேஜைக்குப் பின்னால் குனிந்து ஏதோ வயரை இழுத்துச் சரி செய்துவிட்டு, ஜாஃபர் குடையோடு கிளம்பினார். வாசல் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த பதிமூன்றாவது நிமிடம்தான் அந்த முதல் மூன்று ரிங்.

பழைய பார்ட்டிஷனை அழித்தேன். புதிதாக இரண்டு போட்டேன். எழுது என்று கட்டளை கொடுத்தேன்.

திரையில் ஒரு வரி வந்தது. டிஸ்க் பிஸியாக இருக்கிறதாம்.

நெற்றியைச் சொறிந்தேன். உள்ளே யாரோ இருந்து அந்த டிஸ்கை உபயோகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். ஆள் இருக்கும் வீட்டை இடிக்க மாட்டேன் என்று லினக்ஸ் அடம்பிடிக்கும். நல்ல குணம்தான். ஆனால் மெஷின் ஓடுவது சிடியிலிருந்து. டிஸ்கை யாரும் தொடவே இல்லை.

உள்ளே யார்?

ட்ரிங்… ட்ரிங்… ட்ரிங்…

நின்றது. மணி 1:06.

"மறுபடியும் மூணு" என்றாள் ரிஃப்கா. "காத்துக்கிட்டு இருக்காங்க போல. சீக்கிரம் போடுங்க அண்ணே."

"அவசரப்படுத்தாதடி. தம்பி பதறிடும்."

"பத்து நாளாச்சு உம்மா. எனக்குப் பதறாதா? புள்ள கண்ணு அவங்க கண்ணு மாதிரியே இருக்குன்னு நான் எப்பச் சொல்றது?"

மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். பட்டியலைக் கேட்டேன்.

நான் போட்ட இரண்டு பார்ட்டிஷனும் இல்லை. நான் அழித்த பழையது இருந்தது. முழு டிஸ்குக்கும் ஒரே பார்ட்டிஷன். வெட்டித் தள்ளிய வரப்பு, பத்து நிமிடத்தில் புல்லோடு முளைத்து நின்றால் எப்படி இருக்கும்?

டிஸ்க் பழுது. வேறென்ன? பழைய டிஸ்க், பாலைவன வெயில், மணல். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்… டக்… டக்…

பெட்டிக்குள்ளிருந்து.

சாகப்போகும் டிஸ்க் தட்டும். நான் கேட்காததா? ஆனால் அது கடிகாரம் மாதிரி, கேட்பார் இல்லாமல், தட்டிக்கொண்டே இருக்கும்.

இது மூன்று தட்டிவிட்டு நின்றது. மூச்சு வாங்கிக்கொள்வதைப்போல. மறுபடி மூன்று.

ட்ரிங்… ட்ரிங்… ட்ரிங்…

1:14. வெளியே மழை வலுத்தது. கூடம் சாயங்காலம்போல இருட்டிவிட்டது.

"அண்ணே…" இந்தத் தடவை ரிஃப்காவின் குரலில் சிரிப்பு இல்லை. "அவங்க ஒரு வாட்டிதான் விடுவாங்க. விட்டுட்டு நெட்டுல போய் உக்காந்துருவாங்க. இத்தனை வாட்டி விட்டதே இல்ல."

"காணோமேன்னு விடறாருடி."

"கோவமா உம்மா?"

"இருக்கும். வந்து சேரு, மக பொறந்திருக்கான்னு சொல்லு, கோவமெல்லாம் பறந்துடும்."

மறுபடி அழித்தேன். மறுபடி போட்டேன். எழுது என்றேன்.

பிஸி.

இந்தத் தடவை விடவில்லை. பிடிவாதமாக எழுது என்று கட்டாயப்படுத்தும் கட்டளை ஒன்று உண்டு. அதைத் தட்டினேன். ஃபார்மட் ஆரம்பித்தது. திரையில் எண்கள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று…

டக்… டக்… டக்…

எண் நின்றது.

தட்டல் ஓய்ந்தது. எண் ஓடியது.

டக்… டக்… டக்…

எண் நின்றது.

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். டிஸ்கின் மேல் விரல் வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் சுட வேண்டும்.

ஜில்லென்று இருந்தது.

விரலை எடுத்துப் பார்த்தேன். ஈரம்.

மோந்தேன். பாசியும் துருவும் கலந்த வாடை.

மேலே பார்த்தேன். கூரை ஒழுகவில்லை. பெட்டிக்குள் வேறெங்கும் ஒரு சொட்டு இல்லை. டிஸ்கின் மேல் மட்டும்… வியர்த்ததுபோல.

ட்ரிங்… ட்ரிங்… ட்ரிங்…

1:27.

ஒன்று கவனித்தேன். மணிச் சத்தம் இளைத்திருந்தது. முதலில் வீட்டையே உலுக்கிய டெலிபோன், இப்போது துணி சுற்றி வைத்த மாதிரி அடித்தது.

தட்டலும் அப்படித்தான். டக்… டக்…… டக். மூன்றாவதைத் தட்ட அது கஷ்டப்பட்டது.

டிஸ்குக்குப் போகும் கரென்ட் வயரைப் பிடுங்கினேன்.

நிசப்தம்.

ஒரு நொடி. இரண்டு.

டக்…

என் கையில் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

டக்……

டக்.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். வாசல் திறந்துதான் இருந்தது. இரண்டு பெண்களையும் ஒரு சிசுவையும் உள்ளே விட்டுவிட்டு எங்கே ஓடுவது? கூப்பிடத் தெருவில் ஓர் ஆண் இல்லை. அத்தனை பேரும் பள்ளிவாசலில்.

"அது என்ன சத்தம் அண்ணே?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"டிஸ்க்குதாங்க. பழசு."

"இல்ல. யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கு."

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. அதுவும் கேட்டுக்கொண்டிருந்ததோ என்னவோ.

ட்ரிங்… ட்ரிங்…… ட்ரிங்.

1:36.

"எடுங்க அண்ணே."

"ரிஃப்கா! என்னடி பேசறே?"

"காசு போனாப் போவுது உம்மா. எனக்குப் பயமா இருக்கு. அடுத்த வாட்டி அடிச்சா எடுங்கண்ணே. எடுத்து, ரிஃப்கா வந்துக்கிட்டே இருக்கு, நீங்க அங்கேயே இருங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேங்க."

"புள்ள பொறந்ததைச் சொல்லிடாதீங்க. அதை நான்தான் சொல்லணும்."

காத்திருந்தேன். மழையைத் தவிர சத்தம் இல்லை.

அடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ட்ரிங்…

எடுத்தேன்.

வெளிநாட்டு லைன் என்றால் ஓர் இரைச்சல் இருக்கும். அது இல்லை. டயல் டோன் இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்தது மாதிரி ஓர் ஆழம்.

சொட்… சொட்…

அப்புறம் மூச்சு. ஒரு மனிதனின் மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

"ஹலோ…"

டொக். டொக். டொக். இரும்பின் மேல் இரும்பு.

"சுஹைப் பாய்…"

மூச்சு நின்றது. கேட்கிறார்.

"ரிஃப்கா வந்துக்கிட்டே இருக்காங்க. நீங்க அங்கேயே இருங்க."

என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. அங்கேயே இருங்க… இருங்க… இருங்க…

வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு…

"ம்."

அவ்வளவுதான். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை தலையாட்டுவது மாதிரி ஒரு 'ம்'.

பிறகு மூச்சும் இல்லை. சொட்டும் இல்லை. செத்த ரிசீவர்.

பெட்டிக்குள் தட்டல் நின்றிருந்தது.

மணி 1:40.

"என்ன சொன்னாங்க அண்ணே?"

"சரின்னாங்க."

உள்ளே அவள் அழுதாள். சந்தோஷ அழுகை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் சைத்தூன் பீவி.

ரிசீவரை வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

டெலிபோனின் பின்பக்கத்தை.

வயர் செருகும் ஓட்டை. வெறும் ஓட்டை.

சுவரிலிருந்து வரும் லைனைக் கண்ணால் தொடர்ந்தேன். மேஜைக்கு அடியில் போய், பின்னால் வளைந்து, மோடம் பெட்டியில் செருகியிருந்தது. மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதற்குக் கரென்டே கொடுக்கவில்லை.



ஜாஃபர் இரண்டு பொட்டலத்தோடு நனைந்துகொண்டு வந்தார். நான் டெலிபோனையே பார்ப்பதைக் கண்டு, கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"என்னய்யா பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கே? ஃபோனைத் தொடாதேன்னு சொன்னப்புறம்தான் தோணுச்சு, போறப்பவே லைனைப் புடுங்கி மோடத்துல சொருகிட்டுத்தானே போனேன். நெட்டுக்கு ரெடியா இருக்கட்டும்னு."

"காக்கா! அவங்க ஃபோன் பண்ணாங்க! அண்ணன் பேசிட்டாரு!" உள்ளேயிருந்து ரிஃப்கா. அந்த வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஜாஃபர் டெலிபோனைப் பார்த்தார். மோடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

டிஸ்குக்குக் கரென்ட் கொடுத்தேன். ஈரம் இல்லை. பார்ட்டிஷன் முதல் தடவையிலேயே எழுதியது. ஃபார்மட் பட்டுத்துணியில் கத்தரி போவது மாதிரிப் போனது. உள்ளே யாரும் இல்லாத டிஸ்க்.

மூன்றே காலுக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி உள் அறையில் வைத்தார் ஜாஃபர். திரைக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொல்லச் சொல்ல, அவர் நெட்டில் ஏற்றினார். ரிஃப்கா தட்டும் சத்தம் கேட்டது. தட்டுவாள். நிற்பாள். மறுபடி தட்டுவாள்.

"சாட்டுல அவங்க பேர் மங்கலாவே இருக்கு காக்கா. வரலையே."

"வருவாரு. வண்டி கிடைச்சு டவுனுக்கு வர வேணாமா?"

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது நான் கிளம்பினேன். அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். பிரியாணிப் பொட்டலத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டு டெலிபோன் அடித்திருக்கிறது. மூன்றோடு நிற்கவில்லை.

ஜாஃபர்தான் எனக்குச் சொன்னார். குரலே இல்லை அவரிடம்.

"தண்ணித் தொட்டி கழுவ இறங்கியிருக்காரு செழியன். பூமிக்கு அடியில இருக்கற இரும்புத் தொட்டி. வியாழக்கிழமை சாயந்திரம். வழுக்கி விழுந்துட்டாரு. மூடி திறந்து கிடக்கு, மணல் விழுமேன்னு எவனோ மூடிட்டுப் போயிட்டான். மறுநாள் வெள்ளி. லீவு. கேம்ப்பே காலி. ரூம்ல இருந்தவன், யாராவது ஃபிரண்டு வீட்டுக்குப் போயிருப்பாருன்னு நெனச்சிருக்கான். சனிக்கிழமை மதியம்தான் திறந்து பார்த்திருக்காங்க."

"எப்ப…"

"விழுந்த உடனேயே போயிட்டாராம். கஷ்டப்படலையாம். கம்பெனில சொன்னாங்க."

வியாழக்கிழமை போனவர், வெள்ளிக்கிழமை வீட்டைத் தேடி வந்திருக்கிறார். 'மாப்பிள்ளையோட ரூஹு வந்து சொல்லிட்டுப் போயிருக்கு' என்றார் சைத்தூன் பீவி. அந்தத் தெருவே அப்படித்தான் பேசியது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலமும் சேர்ந்துகொள்ள, ரிஃப்கா அந்த அறையிலேயே இன்னும் நாலு மாதம் அடைந்து கிடந்தாள். ஆனால் அவள் உடைந்துபோகவில்லை என்று ஜாஃபர் சொன்னார். "எங்கிட்ட சரின்னு சொல்லிட்டுத்தான் போனாங்க காக்கா" என்று சொல்லிச் சொல்லியே தேறிவிட்டாளாம்.

நானும் தேறிவிட்டேன். பேய்தானே? வந்தது, சொன்னது, போனது. இரண்டு வருடம் ராத்திரியில் நன்றாகத் தூங்கினேன்.

2005-இல் ஒரு மதியம், ஐம்பது வயதுள்ள ஒருவர் என் கடைக்கு வந்தார். மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், ஜாஃபர் உங்களைத்தான் சொன்னார் என்றார். பெயர் ஜெக்கரியா. நாகூர்க்காரர். இருபது வருடம் துபாய்ப் பக்கம் வாட்ச்மேன் வேலை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம்.

"ஜாஃபரை எப்படிப் பழக்கம் பாய்?"

"பழக்கம் இல்ல தம்பி. அவர் மச்சான் வேலை பார்த்த கேம்ப்புலதான் நான் இருந்தேன். அந்த வீட்டுக்கு ஒரு சலாம் சொல்லிட்டு, ஒரு விசயமும் சொல்லிட்டு வரலாம்னுதான் போனேன். அவரோட மக, அந்தச் சின்னப் புள்ள, வந்து மடியில உக்காந்துச்சு. சொல்ல வாய் வரல. எந்திரிச்சு வந்துட்டேன்."

மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றது.

"என்ன விசயம்?"

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த வெள்ளிக்கிழமை கேம்ப்புல நான் ஒருத்தன்தான். காய்ச்சல். ஜும்மாவுக்குக்கூடப் போகல. படுத்திருக்கேன், டொக் டொக் டொக்குன்னு ஒரு சத்தம். மூணு தட்டு. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி மூணு. பம்ப் செட்டா இருக்கும்னு விட்டுட்டேன். விடாம வருது. சரின்னு எந்திரிச்சேன். சத்தத்தை வச்சே நடந்து, பாதி யார்டு வந்துட்டேன் தம்பி. தொட்டி இருக்கற பக்கம்தான். இன்னும் ஒரு ரெண்டு வாட்டி தட்டியிருந்தா எந்த இடம்னு கண்டுபுடிச்சிருப்பேன்…"

"அப்புறம்?"

"நின்னுடுச்சு. ஜும்மாவுக்குப் பாங்கு சொல்ல ஆரம்பிச்சாங்க, டக்குனு நின்னுடுச்சு. பன்னெண்டு பத்து. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். ஒண்ணும் இல்ல. காய்ச்சல்ல காதுதான் அடைக்குதுன்னு திரும்பிப் போய்ப் படுத்துட்டேன்."

அங்கே பன்னிரண்டு பத்து என்றால் இங்கே 1:40.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"அந்த நேரத்துக்குத்தான் உசிர் போயிருக்கும்… இல்ல பாய்?"

ஜெக்கரியா என் பக்கம் திரும்பினார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கம்பெனி சொன்னது பொய் தம்பி. டாக்டர் என் முன்னாடிதான் சொன்னாரு. சனிக்கிழமை விடியக்காலம், சுபுஹு நேரம் வரைக்கும் உசிர் இருந்திருக்கு. வெளிய தூக்கினவன் நான். ஸ்பேனர் கையிலயே இருந்துச்சு. செவுத்துல சாஞ்சு, மேல மூடியவே பார்த்த மாதிரி உக்காந்திருந்தாரு… வந்துக்கிட்டே இருக்கேன்னு யாரோ சொல்லி, அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கற ஆளு மாதிரி."